அல்சூர் மொட்டைமாடியில் கராத்தே: புதிதாகச் சேர்பவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

என் மகள் மஞ்சள் பெல்ட் வாங்கிய பிறகுதான் நான் வெள்ளை பெல்ட் கட்டினேன். அப்போது எனக்கு வயது 38. பெங்களூர் அல்சூரில் ஒரு பள்ளிக்கூடத்து மொட்டைமாடியில் வகுப்பு. இரண்டு மாதமாக அவளைக் கூட்டிவந்து விட்டுவிட்டு, படிக்கட்டில் உட்கார்ந்து மொபைலைத் தடவிக்கொண்டிருந்தேன். மாஸ்டர் ஒருநாள் கூப்பிட்டு, "சார், சும்மாதானே உட்கார்ந்திருக்கீங்க, கடைசி வரிசையில வந்து நில்லுங்க" என்றார். கராத்தே வகுப்பில் வரிசை வயதுப்படி அல்ல, பெல்ட்படி. என் மகளுக்குப் பின்னால், எட்டு வயதுப் பையன் ஒருவனுக்குப் பக்கத்தில் நின்றேன். முதல் வாரமே அவள் திரும்பிப் பார்த்து, "அப்பா, பின்கால் குதி தூக்குது" என்றாள். அந்தக் குதி ஒழுங்காகத் தரையில் பதிய எனக்கு ஏழெட்டு மாதம் பிடித்தது.

பிள்ளைகளைச் சேர்க்க நினைக்கும் பெற்றோரும், என்னைப் போலத் தாமதமாகத் தொடங்கும் ஆட்களும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: வகுப்பில் உண்மையில் என்ன சொல்லிக்கொடுப்பார்கள்? பாடத்திட்டம் மூன்று பகுதி. கிஹோன் என்பது அடிப்படை அசைவுகள். கட்டா என்பது கோத்த அசைவு வரிசை. குமித்தே என்பது எதிராளியோடு செய்வது. மூன்றும் மூன்று பாடம் என்று நினைத்துத்தான் எல்லோரும் சேர்கிறோம். ஒரே பாடத்தை மூன்று முறை நடத்துகிறார்கள் என்று புரியும்போது பச்சை பெல்ட் வந்திருக்கும். அதை முதல் நாளே தெரிந்துகொண்டால் நேரம் மிச்சம். அதனால் கீழே ஒரே ஒரு தடுப்பை, கெதான் பராய் என்ற கீழ்த் தடுப்பை, மூன்று பகுதியிலும் பின்தொடர்ந்து காட்டுகிறேன்.

முதல் படி: எங்கே சேர்வது

பெங்களூரில் கராத்தே வகுப்பு இல்லாத பேட்டை கிடையாது. அடுக்குமாடிக் குடியிருப்பின் கிளப் ஹவுஸ், பூங்கா ஓரம், பள்ளி மைதானம், கல்யாண மண்டபத்து மாடி என்று எல்லா இடத்திலும் நடக்கிறது. எந்த ஸ்டைல் என்று கேட்பதற்கு முன்னால் எவ்வளவு தூரம் என்று கேளுங்கள். இந்த ஊர் டிராஃபிக்கில் மாலை ஆறரை வகுப்புக்கு ஐந்தேகாலுக்குக் கிளம்ப வேண்டும் என்றால், மூன்றாம் மாதம் நீங்களே நின்றுவிடுவீர்கள். நடந்துபோகும் தூரத்தில் இருக்கும் சுமாரான வகுப்பு, நகரத்தின் மறுகோடியில் இருக்கும் பிரமாதமான வகுப்பைவிட மேல்.

ஸ்டைல் என்றால் பள்ளி மரபு. பெரிய மரபுகள் நான்கு. ஃபுனாகோஷி கிச்சின் (1868–1957) வழியில் வந்தது ஷோட்டோகான். நீளமான, தாழ்ந்த நிலைகள் இதன் அடையாளம். மியாகி சோஜுன் உருவாக்கிய கோஜு ரியூ, குட்டையான நிலைகளுக்கும் மூச்சுப் பயிற்சிக்கும் நெருங்கிச் சண்டையிடுவதற்கும் பேர்போனது. மபுனி கென்வாவின் ஷிட்டோ ரியூவில் கட்டாக்களின் எண்ணிக்கை அதிகம். ஓட்சுகா ஹிரோனோரியின் வாடோ ரியூவில் ஜுஜுட்சு என்ற பழைய ஜப்பானிய மற்போர்க் கலையின் விலகலும் வழுக்கலும் கலந்திருக்கும். இவை தவிர, ஓயாமா மசுதாட்சு தொடங்கிய கியோகுஷின் உண்டு. அங்கே உடம்பில் முழு வேகத்தில் அடிப்பார்கள். தொடங்குகிறவருக்கு நல்ல மாஸ்டர் முக்கியம், ஸ்டைல் அதற்கப்புறம். நான் கற்பது ஷோட்டோகான். இனி வரும் அளவுகளும் பெயர்களும் அந்த மரபுப்படிதான். மற்ற மரபுகளில் கொஞ்சம் மாறும்.

இங்கே ஒரு சங்கடமான விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். தமிழ் மாஸ்டர்கள் நடத்தும் வகுப்பில் சேர்ந்தால் முதல் வாரமே, "கராத்தே நம்ம காஞ்சிபுரத்துப் போதிதர்மர் கொடுத்தது" என்று சொல்வார்கள். கேட்க இனிக்கும். போதிதர்மர் கதையை ஃபுனாகோஷியே தன் நூலில் சொல்லியிருக்கிறார். ஆனால் போதிதர்மரைச் சண்டைக் கலையோடு முடிச்சுப்போடும் ஏடு 17ஆம் நூற்றாண்டில் சீனாவில் எழுதப்பட்டது. அவருக்குப் பல நூற்றாண்டு பிந்தையது. உறுதியாகச் சொல்லக்கூடியது, ஜப்பானின் ஒகினாவா தீவின் 'தே' என்ற கைச்சண்டையும் சீனாவின் ஃபுஜியன் பகுதிக் குத்துச்சண்டையும் கலந்து வளர்ந்தது என்பதுதான். 'கரா' என்பதை முன்பு 'சீன' என்று பொருள்படும் எழுத்தால் எழுதினார்கள். 1936 அக்டோபரில் நாஹா நகரில் ஆசான்கள் கூடி, 'வெறும்' என்று பொருள்படும் எழுத்துக்கு மாற்றினார்கள். வெறுங்கை என்ற பெயர் அப்படி நிலைத்தது.

பணம் கட்டுவதற்கு முன் ஒரு முழு வகுப்பை உட்கார்ந்து பாருங்கள். பெற்றோரை உள்ளே விடாத வகுப்பு வேண்டாம். மாஸ்டர் முன்னால் நின்று எண்ணிக்கொண்டே இருக்கிறாரா, வரிசைக்குள் நடந்து ஒவ்வொருவர் முட்டியையும் தோளையும் திருத்துகிறாரா என்று கவனியுங்கள். பெரிய பையன்கள் சின்னவர்களோடு ஸ்பாரிங், அதாவது பயிற்சிச் சண்டை, செய்யும்போது கையை இழுத்துப் பிடிக்கிறார்களா என்பதையும் பாருங்கள். பெல்ட் டெஸ்ட் எத்தனை மாதத்துக்கு ஒருமுறை, அதற்குத் தனிக் கட்டணம் எவ்வளவு என்பதை வெட்கப்படாமல் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

இரண்டாம் படி: உடுப்பு

வெள்ளை உடுப்புக்கு கி என்று பெயர். நம் வகுப்புகளில் 'கராத்தே டிரெஸ்' என்றுதான் சொல்வார்கள். பருத்தித் துணியாக இருந்தால் துவைத்ததும் சுருங்கும், ஒரு சைஸ் பெரிதாக வாங்குங்கள். இடதுபக்க மடிப்பு எப்போதும் மேலே வர வேண்டும். ஜப்பானில் வலதை மேலே போட்டுக் கட்டுவது இறந்தவர்களுக்கு. பெல்ட்டின் நடுப்பகுதியைத் தொப்புளில் வைத்து, இடுப்பை இரண்டு சுற்றுச் சுற்றி, முடிச்சின் இரண்டு நுனியும் சம நீளத்தில் தொங்கும்படி கட்டுங்கள். சேலை கட்டத் தெரிந்த வீட்டில் இது பெரிய வித்தையில்லை.

மூன்றாம் படி: குனிவதும் எண்ணுவதும்

உள்ளே நுழையும்போது குனிந்து வணங்குவார்கள். மாஸ்டருக்கு ஒருமுறை, ஜோடியாக நிற்பவருக்கு ஒருமுறை. மண்டியிட்டு உட்கார்ந்து கண்ணை மூடி மௌனமாக இருப்பது மொக்குசோ. பல வகுப்புகளில் முடிவில் டோஜோ குன் என்ற ஐந்து விதிகளைச் சேர்ந்து சொல்வார்கள். ஐந்தும் 'ஹிதோட்சு', அதாவது 'ஒன்று', என்றே தொடங்கும். இரண்டாவது, மூன்றாவது என்று எந்த விதியும் கிடையாது. எனக்கு அது பிடித்திருந்தது.

எண்ணுவது ஜப்பானியில்: இச்சி, நீ, சான், ஷி, கோ, ரோக்கு, ஷிச்சி, ஹாச்சி, கு, ஜு. எங்கள் வகுப்பில் புதிதாகச் சேர்ந்த மர்பி டவுன் பையன் ஒருவன், மாஸ்டர் "நீ!" என்று கத்தியதும் தன்னைத்தான் கூப்பிடுகிறார் என்று இரண்டடி முன்னால் வந்து நின்றுவிட்டான். அதற்கு மேல் இந்த ஊருக்கே உரிய மொழிக்கலவை வேறு. எண் ஜப்பானி, அதட்டல் கன்னடம், சமாதானம் தமிழ். மாஸ்டர் அடிக்கடி கத்துவது "சொண்ட! சொண்ட!" என்று. கன்னடத்தில் இடுப்பு. அந்த ஒரு சொல்லை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், இனி வரும் எல்லாமே அதில்தான் சுற்றுகிறது.

நான்காம் படி: உடம்பைச் சூடாக்குவது

பத்துப் பதினைந்து நிமிடம். மெதுவான ஓட்டம், கணுக்கால், முட்டி, இடுப்பு, தோள் எல்லாவற்றையும் சுழற்றுவது, தண்டால், உட்கார்ந்து எழுவது. டிசம்பர் காலையில் பெங்களூர்க் குளிரில் மொட்டைமாடிக்கு வந்தவுடன் உயரமாக உதைத்துக் காட்டினால் தொடைப் பின்தசை பிடித்துக்கொள்ளும். சரியாக அப்படித்தான் எனக்கு மூன்று வாரம் போனது. எம்பி எம்பி வளைவது வேண்டாம். நீட்டிப் பிடிக்கும் பயிற்சிகளை வகுப்பு முடிந்த பிறகு செய்யுங்கள்.

ஐந்தாம் படி: கிஹோன்

வெளியிலிருந்து பார்ப்பவருக்குச் சலிப்பூட்டுவதும், உள்ளே இருப்பவருக்கு எல்லாமே அடங்கியிருப்பதும் இதுதான். வரிசையாக நின்று எண்ணுக்கு ஓர் அசைவு. முதல் மூன்று மாதத்தில் பெரும்பாலும் இதைத்தான் செய்வீர்கள்.

முஷ்டியிலிருந்து தொடங்குங்கள். நான்கு விரலையும் நுனியிலிருந்து உருட்டி மடக்கி, கட்டைவிரலை ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் மேலே வெளிப்பக்கமாக அழுத்துங்கள். கட்டைவிரலை உள்ளே வைத்துக் குத்தினால் அது உடையும். படவேண்டியது ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் பெரிய கணுக்கள் மட்டும். மணிக்கட்டு மேலேயோ கீழேயோ மடங்காமல் முன்கையோடு ஒரே கோட்டில் இருக்க வேண்டும். சுவரில் மெதுவாக முஷ்டியை ஊன்றிச் சாய்ந்து பாருங்கள். மணிக்கட்டு ஆடினால் குத்தும் ஆடும்.

அடுத்தது நிற்பது. கராத்தேயில் நிலைக்குத் தாச்சி என்று பெயர். ஜென்குட்சு தாச்சியில் முன்முட்டி மடங்கி, பின்கால் நீண்டிருக்கும். நீளம் ஏறக்குறைய இரண்டு தோளகலம். இரண்டு பாதத்துக்கும் இடையே பக்கவாட்டில் ஒரு தோளகலம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கயிற்றின்மேல் நடப்பதுபோல ஆடுவீர்கள். குனிந்து பார்த்தால் முன்முட்டி கால்விரலை மறைக்க வேண்டும். எடை முன்காலில் 60 சதவீதம், பின்காலில் 40. பின்பாதம் முடிந்தவரை முன்நோக்கித் திரும்பி, குதி தரையில் அழுந்தி இருக்க வேண்டும். என் மகள் பிடித்த பிழை அங்கேதான். குதி தூக்கினால் தரையை உதைத்துத் தள்ள முடியாது. தள்ளாவிட்டால் இடுப்பு திரும்பாது. இடுப்பு திரும்பாத குத்து வெறும் கைவீச்சு.

கோகுட்சு தாச்சியில் எடை பின்காலில், ஏறக்குறைய 70 சதவீதம். கிபா தாச்சி, குதிரையில் உட்கார்ந்திருப்பது போல, இரண்டு காலிலும் சமம். கிபா தாச்சியில் மாஸ்டர் நம்மை நிற்கவைத்துவிட்டுப் போனில் பேசப் போய்விடுவார். தொடை நடுங்கும். நடுங்கட்டும்.

குத்தில் இரண்டு கையும் வேலை செய்கின்றன. ஒரு கை முன்னே போகும்போது மறுகை இடுப்புக்கு இழுபடும்; அதற்கு ஹிகித்தே என்று பெயர். முன்போகும் முஷ்டி கடைசிக் கணத்தில்தான் உள்ளங்கை கீழ்நோக்கித் திரும்பும். தோள் உயரக் கூடாது. முன்காலும் அதே பக்கக் கையும் சேர்ந்து போவது ஓய் சுக்கி. எதிர்ப்பக்கக் கை போவது கியாக்கு சுக்கி. இடுப்பு அதிகம் திரும்புவது இதில்தான், சண்டையில் அதிகம் பயன்படுவதும் இதுவே. ஒரு எச்சரிக்கை: காற்றில் குத்தும்போது முழங்கையைப் படாரென்று கடைசிவரை நீட்டிப் பூட்டாதீர்கள். சின்னப் பிள்ளைகள் 'டப்' என்ற சத்தம் வரவேண்டும் என்பதற்காகவே இதைச் செய்வார்கள். சத்தம் வரவேண்டியது உடுப்பிலிருந்து, மூட்டிலிருந்து அல்ல.

இப்போது நம் கெதான் பராய். வயிற்றுக்குக் கீழே வரும் உதையையோ குத்தையோ பக்கவாட்டில் தள்ளிவிடும் தடுப்பு. இடதுகையால் செய்வதாக வைத்துக்கொள்வோம். இடது முஷ்டியை வலது காதருகே கொண்டுபோங்கள், உள்ளங்கைப் பக்கம் காதைப் பார்க்கட்டும். வலதுகை முன்னால் கீழ்நோக்கி நீண்டிருக்கட்டும். இடதுகாலை வைத்து ஜென்குட்சு தாச்சிக்குள் போகும்போதே இடதுகையைச் சாய்வாகக் கீழே வீசி, இடது முட்டிக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் நிறுத்துங்கள். வலதுகை அதே கணத்தில் இடுப்புக்கு வந்துவிட வேண்டும். இடுப்பு சற்றே பக்கவாட்டில் திரும்பி, மார்பு பாதி மறைந்து நிற்கும். கை முதலில் போய் இடுப்பு பிறகு வந்தால் எங்கள் மாஸ்டரின் "சொண்ட!" முதுகில் விழும். இடுப்பு தொடங்கி வைக்க வேண்டும், கை முடித்து வைக்க வேண்டும்.

மற்ற தடுப்புகளும் இதே இலக்கணம்தான். அகே உக்கே முகத்துக்கு மேலே, சோத்தோ உக்கே வெளியிலிருந்து உள்ளே, உச்சி உக்கே உள்ளிருந்து வெளியே, ஷூத்தோ உக்கே கத்திபோல் விரித்த கையால்.

உதைகளில் முதலில் மாய் கெரி, முன் உதை. முட்டியைத் தூக்கு, உதை, இழு, வை. நான்கும் நான்கு வேலை. புதியவர்கள் 'இழு' என்பதை விட்டுவிட்டுக் காலை அப்படியே தொப்பென்று போடுவார்கள்; எதிராளி பிடித்துக்கொள்வான். விரல்களை மேல்நோக்கி மடக்கி, பாதத்தின் முன் மேட்டால் உதைக்க வேண்டும். அந்த மேட்டுக்கும் கோஷி என்றுதான் பெயர், இடுப்புக்கும் கோஷி என்றுதான் பெயர். ஜப்பானியில் எழுத்து வேறு, உச்சரிப்பு ஒன்று. "கோஷி!" என்று மாஸ்டர் கத்தும்போது எதைச் சொல்கிறார் என்று புரியாமல் நான் இரண்டையும் சரிசெய்துகொள்வேன். பக்க உதையும் சுழற்றி உதைக்கும் மவாஷி கெரியும் பிறகு வரும். உயரம் முக்கியமில்லை. இடுப்பு உயரத்தில் சுத்தமாக உதைக்கிறவர், தலை உயரத்தில் தடுமாறுகிறவரைவிட ஒருபடி மேல்.

ஆறாம் படி: கட்டா

கட்டா என்பது கற்பனை எதிராளிகளோடு தனியாகச் செய்யும் அசைவு வரிசை. சிலம்பத்தில் கம்பைத் தொடுவதற்கு முன் காலடி வரிசை கற்பார்களே, அந்த உறவு நினைவுக்கு வரும். ஷோட்டோகானில் 26 கட்டாக்கள் உண்டு. முதலில் கற்பது பெரும்பாலும் ஹெயான் ஷோதான். இதோசு அன்கோ (1831–1915) என்ற ஒகினாவா ஆசான், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கராத்தேயைப் பள்ளிகளுக்குக் கொண்டுபோனவர். பினான் என்ற ஐந்து கட்டாக்களை வடிவமைத்தவர் அவர்தான். அவற்றுக்கு ஹெயான் என்று பெயர் மாற்றியவர் ஃபுனாகோஷி. நம் பிள்ளைகள் பள்ளி மாடியில் செய்வது, பள்ளிப் பிள்ளைகளுக்கென்றே ஒருவர் யோசித்துக் கோத்தது.

ஹெயான் ஷோதானில் 21 அசைவுகள். கால் போகும் பாதையைத் தரையில் வரைந்தால், நடுவே ஒரு நீளக் கோடும் இரண்டு முனையிலும் ஒரு குறுக்குக் கோடுமாக வரும். கோலத்தைப் போல, தொடங்கிய புள்ளியிலேயே முடிய வேண்டும். முடிவில் அரையடி தள்ளி நின்றால் எங்கோ ஒரு நிலை குட்டையாகிவிட்டது என்று அர்த்தம். தரையே திருத்திச் சொல்லிவிடும்.

வரிசையைச் சொல்கிறேன், மெதுவாக நடந்து பாருங்கள். இடப்பக்கம் திரும்பிக் கெதான் பராய், ஓரடி முன்னே ஓய் சுக்கி. அப்படியே முழுதாகப் பின்பக்கம் திரும்பிக் கெதான் பராய். உடனே அந்தக் கையை இழுத்து, மேலிருந்து வட்டமாகச் சுத்தியல் போல் இறக்குங்கள். பிறகு ஓய் சுக்கி. நடுக்கோட்டுக்குத் திரும்பிக் கெதான் பராய், தொடர்ந்து மூன்று அகே உக்கே, மூன்றாவதில் கியாய் என்ற முழக்கம். சுழன்று திரும்பிக் கெதான் பராய், ஓய் சுக்கி. எதிர்ப்பக்கம் கெதான் பராய், ஓய் சுக்கி. மறுபடி நடுக்கோட்டில் கெதான் பராய், மூன்று ஓய் சுக்கி, மூன்றாவதில் இரண்டாம் கியாய். கடைசியில் கோகுட்சு தாச்சியில் நான்கு ஷூத்தோ உக்கே. தொடங்கிய இடம்.

எண்ணிப் பாருங்கள், கெதான் பராய் மட்டும் ஆறு முறை. ஒவ்வொன்றும் ஒரு திருப்பத்தில் வருகிறது. கிஹோனில் நேராக நடந்து செய்ததை இங்கே கால் பகுதி, பாதி, முக்கால் வட்டம் திரும்பிச் செய்ய வேண்டும். திரும்பும்போது தலை முதலில், பிறகு இடுப்பு, பிறகு கை. புதியவர்கள் உடம்பு முழுவதையும் கதவு மாதிரி ஒரேயடியாகத் திருப்புவார்கள், அல்லது பின்காலைப் போதிய அளவு நகர்த்தாமல் கயிற்றின்மேல் வந்து நிற்பார்கள்.

அந்த இழுத்துச் சுத்தியலடிக்கும் இடத்தில் மட்டும் கொஞ்சம் நில்லுங்கள். இது ஏன்? கெதான் பராய் முடித்த கையை எதிராளி மணிக்கட்டில் பிடித்துக்கொண்டான் என்று வைத்துக்கொள்ளுங்கள். இழுத்து விடுவித்து, அதே கையால் அவன் முன்கையிலோ தோளெலும்பிலோ இறக்குவது. இப்படி ஒவ்வொரு அசைவுக்கும் பொருள் தேடுவதற்குப் புன்காய் என்று பெயர். புன்காய் இல்லாமல் கட்டா கற்றால் மந்திரத்தை அர்த்தம் தெரியாமல் ஒப்பிப்பது போலத்தான். மாஸ்டரிடம் தயங்காமல் கேளுங்கள். ஒரே அசைவுக்கு இரண்டு மாஸ்டர்கள் இரண்டு பொருள் சொன்னால் பதற வேண்டாம், கட்டா அதற்கு இடம் கொடுக்கும்.

கட்டாவைப் போட்டியாகவும் நடத்துகிறார்கள். 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் ஆண்கள் கட்டாவில் தங்கம் வென்ற கியுனா ரியோ, கராத்தே பிறந்த ஒகினாவாவைச் சேர்ந்தவர். அந்த ஆட்டத்தின் காணொளியைப் பார்க்கும்போது கையைப் பார்க்காதீர்கள். இடுப்பின் உயரத்தைப் பாருங்கள், நடக்கும்போது ஏறி இறங்குகிறதா என்று.

ஏழாம் படி: குமித்தே

முதல் நாளே சண்டை போடவிட மாட்டார்கள். விட்டால் அந்த வகுப்பிலிருந்து ஓடிவந்துவிடுங்கள். முதலில் கோஹொன் குமித்தே, ஐந்தடிப் பயிற்சி. தாக்குபவர் வலதுகாலைப் பின்னால் வைத்து இடதுகையால் கெதான் பராய் செய்து நிற்பார். ஆம், அதேதான். "ஜோதான்" என்று தலைப்பகுதியை அறிவித்துவிட்டு ஐந்தடி முன்னேறி ஐந்து ஓய் சுக்கி போடுவார். மற்றவர் ஐந்தடி பின்வாங்கி ஐந்து அகே உக்கே செய்து, கடைசியில் ஒரு கியாக்கு சுக்கியால் முடிப்பார். யார், எங்கே, எதனால் அடிக்கப் போகிறார் என்று எல்லாமே தெரியும். தெரிந்தும் முதல் வாரம் கண்ணை மூடிக்கொள்வீர்கள். அந்தக் கண்மூடலைப் போக்குவதுதான் பயிற்சி.

அதன்பின் ஓரடிப் பயிற்சி. அடுத்து, அடிக்கும் இடத்தை மட்டும் சொல்லிவிட்டு இஷ்டப்பட்ட கணத்தில் தாக்குவது. கடைசியில் ஜியு குமித்தே, நம் பிள்ளைகள் 'ஃபைட்' என்று சொல்வது. இங்கே இரண்டு விஷயம் புதிது. ஒன்று மாஆய், இடைவெளி. கை நீட்டினால் எட்டாத, ஓரடி வைத்தால் எட்டுகிற தூரம். இரண்டாவது கட்டுப்பாடு. முழு வேகத்தில் போய், தோலுக்கு முன்னால் நிறுத்துவது. எட்டு வயதுப் பையன் உங்கள் மூக்குக்கு ஒரு விரல் முன்னால் முஷ்டியை நிறுத்தும்போது அந்தப் பையன்மேல் மரியாதை வரும்.

கெதான் பராய் இங்கே எங்கே போனது? காதிலிருந்து முட்டிவரை வீசும் அந்தப் பெரிய அசைவை ஃபைட்டில் தேடினால் கிடைக்காது. வயிற்றை நோக்கி வரும் முன் உதையை முன்கை லேசாகத் தட்டிவிடும், இடுப்பு சற்றே பக்கம் திரும்பும், பின்கை அதே வேகத்தில் கியாக்கு சுக்கியாகப் போகும். தட்டல் ஒரு சாண்கூட இருக்காது. ஆனால் இடுப்பு திரும்புவது கிஹோனில் ஆயிரம் முறை திரும்பிய அதே திருப்பம். எனக்கு இது புரிந்த அன்று, மகளோடு ஜோடியாக நின்றிருந்தேன். யோசிக்காமல் அவள் உதையைத் தட்டியிருந்தேன். அவள் கோபத்தோடு மறுபடி உதைத்தாள், அது பட்டது.

போட்டிக்குப் போக நினைத்தால்: உலகக் கராத்தே கூட்டமைப்பின் விதிகளில் களம் 8 மீட்டர் சதுரம், ஒருவர் சிவப்பு, ஒருவர் நீலம். தலைக்கோ உடம்புக்கோ குத்து பட்டால் யுக்கோ, 1 புள்ளி. உடம்புக்கு உதை வாசாஆரி, 2 புள்ளி. தலைக்கு உதையோ, விழுந்தவர்மேல் சரியான அடியோ இப்பொன், 3 புள்ளி. கையுறை, கணைக்கால்–பாதக் காப்பு, பல் காப்பு இல்லாமல் பிள்ளையைக் களத்தில் இறக்காதீர்கள்.

எட்டாம் படி: வீட்டில்

வாரத்துக்கு மூன்று வகுப்பு, வகுப்பில்லாத இரண்டு நாள் வீட்டில் கால் மணி நேரம். அதற்கு மேல் ஆசைப்பட வேண்டாம். ஹாலில் சோபாவுக்கும் டிவிக்கும் இடையே ஒரு ஜென்குட்சு தாச்சிக்கு இடமிருந்தால் போதும். கெதான் பராய், கியாக்கு சுக்கி இரண்டையும் சேர்த்து இருபுறமும் இருபது முறை, மாய் கெரி இருபது, ஹெயான் ஷோதான் மூன்று முறை. மூன்றில் முதலாவது எறும்பு வேகத்தில். மொபைலைச் சுவரில் சாய்த்துவைத்துப் படம்பிடித்துப் பாருங்கள். நம் மனதில் இருக்கும் தாச்சியும் படத்தில் இருக்கும் தாச்சியும் வேறு வேறு என்று தெரியும்போது வலிக்கும்.

நாற்பதை நெருங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. திரும்பும்போது முட்டியைத் தனியாக முறுக்காதீர்கள். பாதமும் முட்டியும் ஒரே திசையில் இருக்கட்டும். சிமெண்ட் தரையில் வெறுங்காலோடு சுழன்றால் தோல் உரியும், முட்டியும் வாங்கும். பாய் விரித்த இடம் கிடைத்தால் அதைத் தேர்ந்தெடுங்கள்.

ஒன்பதாம் படி: பெல்ட்

நிறப் பெல்ட்டைப் பார்த்துத்தான் பிள்ளைகள் சேர்கிறார்கள், குறை சொல்ல முடியாது. டான் என்ற கறுப்பு பெல்ட் தரநிலையை ஜூடோவைத் தோற்றுவித்த கானோ ஜிகோரோவிடமிருந்து எடுத்துக்கொண்டு, 1924இல் கராத்தேயில் முதல் கறுப்பு பெல்ட்டுகளை வழங்கியவர் ஃபுனாகோஷி. நம்மூர் வகுப்புகளில் வெள்ளை, மஞ்சள், ஆரஞ்சு, பச்சை, நீலம், ஊதா, பழுப்பு, கறுப்பு என்ற வரிசை வழக்கம். பள்ளிக்குப் பள்ளி ஒன்றிரண்டு மாறும். பழுப்பில் மட்டும் மூன்று படிகள். டெஸ்ட்டில் கேட்பது மூன்றையும்தான்: அந்தப் படிக்குரிய கிஹோன், ஒரு கட்டா, ஒரு வகைக் குமித்தே. ஒழுங்காக வகுப்புக்குப் போனால் கறுப்புக்கு நாலைந்து வருடம் ஆகும்.

மகளை முதலில் சேர்த்தது இங்கே அல்ல, நகரத்தின் வேறு பகுதியில் ஓர் இடத்தில். மூன்று மாதத்துக்கு ஒரு பெல்ட், ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டணம், ஒரு சான்றிதழ், ஒரு குழுப்படம். ஒன்றரை வருடத்தில் கறுப்பு என்றார்கள். ஆண்டு விழாவில் பையன்களைப் படுக்கவைத்து வயிற்றின்மேல் பைக் ஓட்டினார்கள், நெற்றியால் ஓடு உடைத்தார்கள். கைதட்டல் பிரமாதம். மகளுக்கு ஒழுங்காக முஷ்டி மடக்கத் தெரியவில்லை. வெளியே கூட்டிவந்துவிட்டேன். ஓடு உடைப்பதை நான் வெறுக்கவில்லை, நிலையும் இடுப்பும் சரியாக இருக்கிறதா என்று பெரியவர்கள் சோதித்துப்பார்க்க அது ஒரு வழி. வளரும் பிள்ளையின் கையெலும்பும் நெற்றியும் அதற்கான பொருள் அல்ல.

நாளைக்கு முதல் வகுப்பு என்றால்

கை, கால் நகங்களை ஒட்ட வெட்டிக்கொள்ளுங்கள். மோதிரம், செயின், வளையல், கைக்கடிகாரம் எல்லாம் வீட்டிலேயே இருக்கட்டும். தாலிச் சங்கிலியை உடுப்புக்குள் ஊக்கு போட்டு மாட்டாமல், துணி டேப்பால் ஒட்டிக்கொள்கிறார்கள் எங்கள் வகுப்புப் பெண்கள். முதல் மாதம் டிராக் பேன்ட்டும் டி-ஷர்ட்டும் போதும், உடுப்பு வாங்க அவசரம் வேண்டாம். வகுப்புக்கு ஒன்றரை மணி நேரம் முன்பே சாப்பிட்டுவிடுங்கள், இரண்டு இட்லிக்கு மேல் வேண்டாம். தண்ணீர் பாட்டில், ஒரு துண்டு. ஐந்து நிமிடம் முன்னதாகப் போய், செருப்பை வாசலில் கழற்றி, முன்பக்கம் வெளியே பார்க்கும்படி திருப்பி வையுங்கள். அதையும் யாராவது ஒரு எட்டு வயதுக்காரர் வந்து உங்களுக்குச் சொல்லிக்கொடுப்பார்.